கை எட்டும் முன்

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது பொம்மை நீலமாகிக்கொண்டிருந்தது.

முதலில் அடிவயிற்றில் மட்டும் ஒரு சாயல், வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி. பிறகு அது மெல்ல மேலேறிக் கழுத்துவரை வந்தது. மகள் இதழி அதைக் கவனிக்கவில்லை. இரண்டரை வயதுக்காரிக்குக் கவனிக்க வேறு வேலை இருந்தது. காய்கறிக் கூடையின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டத் தெரியாமல், யாரையும் கூப்பிடாமல், நாக்கைத் துருத்திக்கொண்டு முயன்றுகொண்டிருந்தாள். சுகிர்தா கைத்துண்டை எடுத்துப் போய்ப் பொம்மையின் மேல் போட்டாள். அது போதாது என்று தோன்றவே, துண்டோடு சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள். கூடத்தில் மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"சிட்டு எங்க அம்மிணி?"

"சார்ஜ் போட்டிருக்கேங்க அத்தை."

"கலர் விழுந்துதா?"

"இன்னும் இல்லீங்க."

பொய் சொல்லிவிட்டு டிரம்மைச் சுவரோடு இன்னும் ஒட்டித் தள்ளினாள்.

சிட்டு என்பது அந்தப் பொம்மையின் பெயர். ஆண் குழந்தைக்கு இது, பெண் குழந்தைக்கு இது என்று பிரித்துப் பொம்மை விற்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு பிறந்தது அது. கடைகளில் ஒரு பக்கச் சுவர் முழுக்க ரோஸும் எதிர்ச் சுவர் முழுக்க நீலமுமாக இருந்த காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள், பேசினார்கள். சுகிர்தா வேலை பார்த்த கோவை நிறுவனம் அப்போதுதான் வெள்ளைப் பொம்மையைக் கொண்டுவந்தது. ஒரே அச்சு, ஒரே பெட்டி. குழந்தை கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விளையாடினால் போதும். பொம்மை பார்க்கும், கேட்கும், பிறகு தானே ஒரு நிறத்துக்கு வரும். நிறத்துக்கு ஏற்ற குரல், குரலுக்கு ஏற்ற விளையாட்டு. விற்பவர்கள் எதையும் பிரிக்கவில்லை. சட்டம் எதையும் கேட்க முடியாது.

"நிறத்தை நாங்கள் தருவதில்லை. உங்கள் குழந்தை தருகிறது." அவினாசி சாலை நெடுகிலும் பலகைகளில் நின்ற அந்த வரியை எழுதியது சுகிர்தாதான். எழுதிய அன்று அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. முதல் வருடம் மஞ்சளும் பச்சையும்கூட இருந்தன. மஞ்சளான பொம்மைகளை, இன்னும் நிறம் விழவில்லை என்று சொல்லி மக்கள் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் நிறுவனம் இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொண்டது.

காது குத்துகிற சடங்கோடு அதை யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு வீட்டில் தாய்மாமன் சீர்த்தட்டில் வெள்ளைச் சிட்டு ஒன்றையும் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும். குழந்தை கையில் கொடுத்ததும் கூடியிருந்தவர்கள் சுற்றி நின்று பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு எல்லா வீடுகளிலும் வைத்தார்கள். அழைப்பிதழில் காதணி விழாவுக்குக் கீழே 'நிறம் காணுதல்' என்று அச்சானது. நிறுவனம் அதற்கென்று பட்டுத்துணி சுற்றிய பெட்டி போட்டது. பெட்டியின் மேல் இருந்த வாழ்த்தும் சுகிர்தா எழுதியதுதான்.

பெரும்பாலான வீடுகளில் நிறம் எதிர்பார்த்தபடியே, பெண்ணுக்கு ரோஸ், ஆணுக்கு நீலம் என்று விழுந்தது. விழாத வீடுகளைப் பற்றி யாரும் பலகை வைக்கவில்லை.

கணவனின் அக்கா வனிதாமணியின் வீட்டில் அப்படி ஆனது. அவளுடைய மகன் அகரன், மாமன் மடியில் உட்கார்ந்து பொம்மையைத் தொட்டுக்கொண்டிருக்கையில் அது ரோஸானது. மண்டபத்தில் பேச்சு நின்றது. பொம்மையில் கோளாறு என்று யாரோ இன்னொன்றை வாங்கி வந்தார்கள். அதுவும் ரோஸானது. வீடியோ எடுத்தவன் மட்டும் எடுப்பதை நிறுத்தவில்லை. அதன் பிறகு அந்தக் குழந்தையை எங்கோ மலையடிவாரத்தில், நிறத்தைச் சரிசெய்து அனுப்புகிறோம் என்று சொன்ன ஓர் இடத்தில் தங்கவைத்தார்கள். திரும்பி வந்தவன் எந்தப் பொருளையும் தொடுவதில்லை. கைகளைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டே இருப்பான். சோறு ஊட்டினால்தான் வாய் திறப்பான். வனிதாமணியைப் புகுந்த வீட்டுக்காரர்கள் அன்னூரில் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அவளோடு பேசும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், நோயாளியிடம் பேசுவதுபோல.

அதனால்தான் இதழியின் காது குத்துக்கு முன்பே ஒரு சிட்டுவை வாங்கி வீட்டில் சோதித்துப் பார்த்தார்கள். அதை ஒளித்துவைத்த மறுநாள் அரிசி எடுக்கப் போன மாமியாரின் கையில் துண்டுச் சுருள் அகப்பட்டது. அவள் கத்தவில்லை. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுகிர்தா எதிரில் போய் உட்கார்ந்தாள். அந்த நீலத்தை இருவரும் பார்த்தபடி இருந்தார்கள். நல்ல நீலம்தான், மழை விட்ட வானத்தில் இருப்பது.

"உன்னயக் குத்தஞ் சொல்லல கண்ணு," என்றாள் மாமியார் கடைசியில். "ஆனா ஒரே வீட்ல ரெண்டு தடவ ஆச்சுன்னா ரத்தத்துலயே கோளாறும்பாங்க. வனிதா அப்புறம் எந்திரிக்கவே மாட்டா. நாளைக்கு இவளயும் ஒருத்தன் வந்து பொண்ணு கேக்கோணுமல்ல?"

"அது மெசினுங்க அத்தை. அதுக்கு என்ன தெரியும்?"

"மெசினு சொன்னா சனம் நம்புது. நம்ம சொன்னா நம்பாது. நீ அந்தக் கம்பெனியிலதான இருக்கற? ஏதாச்சும் பண்ணு."

கணவன் தரணிதரனிடம் அன்று பேசிப் பார்த்தாள். பேசாமல் விழாவையே வேண்டாம் என்று நிறுத்திவிடலாம், காது குத்தாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்றான் அவன். அவள் முகம் தெளிவதற்குள், ஆனால் அம்மா சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது என்றும் சொன்னான். அவன் எப்போதும் அப்படித்தான். இரண்டு கரையிலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு, ஆற்றில் நிற்பது அவள் ஒருத்திதான் என்பதைக் கவனிக்கவே மாட்டான்.

நிறுவனத்தில் பொம்மையின் மூளையைப் பழக்குகிற பிரிவில் பெனிட்டா இருந்தாள். நாகர்கோவில்காரி. சேர்ந்த நாள் முதல் சுகிர்தாவுக்குத் தோழி. வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துச் சுகிர்தா கேட்டபோது பெனிட்டா ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"ரோஸுல பூட்டித் தரணுமா? நீயா கேக்க?"

"ஒரே ஒரு நாளைக்குத்தான் பெனி."

"பூட்டுனா பூட்டுனதுதான். சும்மா விட்ட பொம்மைன்னா நாள் போகப் போகத் தன்னைத் திருத்திக்கிடும். நிறம் மாறாட்டாலும் பேச்சு மாறும், புள்ளைக்கு ஏத்தாப்ல வளரும். இது அப்படியே நின்னுரும். உள்ள இருக்கப்பட்டது எல்லாம் நீ எழுதுன ரோஸ் பேச்சு மட்டுந்தான்."

"விழா முடிஞ்சதும் எடுத்து ஒளிச்சு வெச்சுடறேன்."

பெனிட்டா வண்டிச் சாவியைத் திருகினாள். "புள்ளைகிட்ட இருந்து பொம்மைய எடுத்துப் பாத்திருக்கியா நீ?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் கழித்து, பட்டு சுற்றிய பெட்டியைச் சுகிர்தாவின் மேசை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

விழாவன்று சுகிர்தாவின் அண்ணன் சீர்த்தட்டோடு வந்தான். மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசி இதழியை மடியில் இருத்திக்கொண்டான். ஆசாரி காது குத்தினார், குழந்தை வீறிட்டாள். சுற்றிலும் பெரியம்மாக்கள், சித்திகள், அத்தைகள், ஒருத்தி கண்ணைத் துடைக்க, ஒருத்தி ஊத, ஒருத்தி சர்க்கரையை வாயில் வைக்க, ஐயோ சாமி, ஐயோ தங்கம் என்று மண்டபமே குனிந்தது. அந்தக் களேபரத்தில்தான் சிட்டுவைக் கையில் கொடுத்தார்கள். பின்வரிசையில் அகரனின் தோளைப் பிடித்தபடி வனிதாமணி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

பொம்மை ரோஸானது.

ஒரு பெரிய மூச்சு மண்டபத்திலிருந்து வெளியேறியது. மாமியார் அழுதாள். வனிதாமணி கண்ணைத் திறந்து சிரித்தாள்; அந்தச் சிரிப்பில் பொறாமை இல்லை என்பதைத்தான் சுகிர்தாவால் தாங்க முடியவில்லை. எத்தனையோ பேர் வந்து சுகிர்தாவின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். பந்தியில் மைசூர்பாகை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தாள்.

ஆனால் பெனிட்டா சொன்னதுதான் நடந்தது. பொம்மையை எடுத்து ஒளித்துவைத்தால் இதழி விடாமல் அழுதாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சிட்டுவைத்தான் கேட்டார்கள். அது கூடத்தில், குழந்தையின் பக்கத்தில் இருக்க வேண்டியதாயிற்று.

சுகிர்தா இரண்டு நிறங்களுக்கும் பேச்சு எழுதியவள். கட்டைகளை அடுக்கி அவை சரிந்தால் நீலம், "ஏன் விழுந்துச்சு, பாக்கலாமா?" என்று கேட்கும். ரோஸ், "பரவால்ல, நான் இருக்கேன்" என்று சொல்லும். இரண்டையும் ஒரே மத்தியானத்தில், ஒரே காபியோடு எழுதியிருந்தாள். ரோஸின் பேச்சு அவளுக்கு அதிகம் பிடித்திருந்தது. ஆறுதல் சொல்கிற குரலைக் கெட்ட குரல் என்று யார் சொல்வார்கள்? இப்போது அதைத் தன் வீட்டுக் கூடத்தில், நாள் முழுக்க, ஒரே சுதியில் கேட்டாள். கட்டைகள் சரிந்தன. பரவால்ல. மூடி திறக்கவில்லை. பரவால்ல. ஒரு கட்டத்தில் இதழி கட்டைகள் சரிவதற்குள்ளாகவே கையை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு அடுக்குவதையே விட்டுவிட்டு, பொம்மைக்குத் தலை வாரினாள். கூடையின் பிடி கழன்று வந்தால் அதை இரண்டு கையாலும் தூக்கி அம்மாவிடம் நீட்டினாள். எவ்வளவு அழகாக நீட்டுகிறாள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அடங்கிவிட்டாள் என்றார்கள். சுகிர்தாவும் சில வேளை அப்படித்தான் நினைத்தாள்; அடுத்த கணம் கட்டைகளை எடுத்து அவள் முன்னால் வைப்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது பெனிட்டா அவளை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். வெளிநாட்டில் யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள், நிறத்தை எதை வைத்து முடிவு செய்கிறது என்று சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அதற்காக மூளையைத் திறந்து முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தோம் என்றாள்.

"அது புள்ளையப் பாக்கவே இல்ல சுகி."

"பின்ன?"

"நம்மளப் பாக்குது." பெனிட்டா கைப்பிடிச் சுவரின் ஈரத்தை விரலால் வழித்துவிட்டாள். "மூணு வயசுக்குக் கீழ உள்ள புள்ளையளோட விளையாட்டுல ஆணு பொண்ணுன்னு பிரிக்க அதுக்கு ஒண்ணுமே கெடைக்கல. ஆனா நாம வெரட்டுனோம்லா, சரியாச் சொல்லு சரியாச் சொல்லுன்னு. அது சுத்திப் பாத்து எது லேசாக் கெடச்சுதோ அதப் புடிச்சுக்கிடுச்சு. புள்ள தடுமாறுனா பெரியவங்க கை எவ்வளவு சீக்கிரம் வருது, 'பாத்து, பாத்து'ன்னு எத்தனை தடவ குரல் வருது. பொட்டப்புள்ளைன்னா கை சீக்கிரம் வருது. பயலுன்னா கொஞ்சம் விட்டுப் பாக்காங்க. கை சீக்கிரம் வந்தா ரோஸ். வராட்டா நீலம். உள்ள வேற ஒரு மண்ணும் இல்ல."

சுகிர்தாவுக்கு முதலில் அகரன்தான் நினைவுக்கு வந்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தை. தூசு படும், சளி பிடிக்கும் என்று அவனை அன்னூர் வீட்டில் யாரும் தரையில் இறக்கிவிட்டதே இல்லை.

"அப்ப அன்னிக்கு மண்டபத்துல?" என்று கேட்டாள்.

பெனிட்டா பதிலை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "அத்தனை பொம்பளையளு சுத்தி நின்னாங்கன்னு சொன்னியே. பூட்டாமக் குடுத்திருந்தாலும் ரோஸுதான் ஆயிருக்கும்."

வெளியே சொல்வார்களா என்று கேட்டதற்குப் பெனிட்டா சிரித்தாள். உங்கள் குழந்தை தருகிறது என்று ஊரெல்லாம் எழுதிவைத்துவிட்டு எப்படிச் சொல்வார்கள்? வழக்குப் போட்டவர்களோடு பேசி முடித்துக்கொள்ளப் போகிறார்களாம்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த நீலம் அவள் கண்ணில் நின்றது. முதல் பொம்மை நீலமானபோது அவளுக்கும் தரணிதரனுக்கும் வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயம். மாமியாருக்கு முழங்கால் வலி. குழந்தை தன் பாட்டுக்குத் தரையில் கிடந்து, விழுந்து, எழுந்து, எதையாவது கழற்றிக்கொண்டிருப்பாள். கவனிக்காமல் விடுகிறோமே என்று சுகிர்தா அதற்காகத் தன்னையே எத்தனை முறை திட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் அலட்சியம் என்று பெயர் வைத்திருந்ததைத்தான் பொம்மை நீலம் என்று சொல்லியிருக்கிறது. அது மகளின் நிறம் இல்லை. அவள் குழந்தைக்கு விட்டுக்கொடுத்திருந்த இடத்தின் நிறம். அதைப் பார்த்துப் பயந்துதான் ஓடிப்போய்ப் பூட்டு வாங்கி வந்தாள்.

மாமியாரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரின் கை நின்றது.

"அகரன எறக்கியே விடாதது நாந்தான் கண்ணு," என்றாள். "வனிதா எறக்கி விடறேன்னுதான் சொன்னா. நாந்தான் ஏசுனேன்." பிறகு ஒரு தண்டைக் கிள்ளி, இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பாத்திரத்தில் போட்டாள். "இத வனிதாகிட்டச் சொல்லிப்போடாத."

சுகிர்தா சொல்லவில்லை. தன்னிடம் இருந்ததையாவது திருப்பிவிடலாம் என்று நினைத்தாள். பூட்டாத வெள்ளைச் சிட்டு ஒன்றைப் பெனிட்டாவிடம் கேட்டு வாங்கினாள். மற்றவர்கள் போகட்டும், இந்த வீடு பழைய வீடுதான் என்று அது ஒருமுறை நீலத்தில் சொல்லிவிட்டால் போதும், பிறகு அதன் குரலைக் கேட்டு இதழி மறுபடி கட்டைகளைத் தொடுவாள். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தரணிதரன் அம்மாவை அன்னூருக்கு அழைத்துப் போனான். சுகிர்தா ரோஸ் பொம்மையை ஆஃப் செய்து அலமாரியில் வைத்தாள். இதழி புதியதைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுளித்தாள், பிறகு அதையும் எடுத்துக்கொண்டு சோபாவின் மேல் ஏறினாள். சுகிர்தா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கக் கூடாது. பேசக் கூடாது. குழந்தை சோபாக் கையின் மேல் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தாள், பொம்மையை நழுவவிட்டாள், இறங்கி எடுத்தாள், மறுபடி ஏறினாள். மத்தியான வெயில் தரையில் நகர்ந்து போனது. சுகிர்தா அசையவில்லை. வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நாளாயிற்று இவளை இப்படிப் பார்த்து என்று ஒரு தடவை கண் கலங்கக்கூடச் செய்தது.

பொம்மையின் அடிவயிற்றில் சாயல் தெரிந்தபோது அவள் எழுந்துபோய்க் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெனிட்டாவுக்குப் போன் செய்தாள்.

"இது கோளாறு பெனி. ரோஸாகுது. நானும் அவளும் மட்டுந்தான் இருக்கோம். நான் எந்திரிக்கவே இல்ல. வாயே திறக்கல."

"ஒரு நிமிசம் இரு. அது கேட்டத எடுத்துப் பாக்கேன்." தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "சுகி, நீயே கேளு. ஒன்னுட்ட நான் சொல்லாண்டாம்."

போனில் அவள் வீட்டுக் கூடம் ஒலித்தது. மின்விசிறி, தெருவில் ஒரு வண்டி, குழந்தையின் முனகல். அதற்கு நடுவே ஒரு பெண்ணின் குரல், மெதுவாக, மூச்சோடு மூச்சாக. பாத்து. மெல்ல. வேண்டாம் தங்கம். ஐயோ, பாத்து. நாற்காலி நகர்கிற சத்தம். பாத்து, பாத்து. மறுபடி நாற்காலி. யார் இவள் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தக் குரல் நிற்கவேயில்லை. பயந்துபோன ஒருத்தி தூக்கத்தில் பேசுவதுபோல அது போய்க்கொண்டே இருந்தது. விழாவுக்கு முந்திய அந்த நாளிலிருந்து, துண்டைப் போட்டு மூடிய அந்தக் கணத்திலிருந்து, தான் இப்படியேதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. தான் மட்டும் அதைக் கேட்கவில்லை.

சோபாவின் மேல் இதழி ஒரு காலைக் கீழே விட்டாள்.

போன் தரையில் விழுந்தது. சுகிர்தாவின் இரண்டு கைகளும் குழந்தையின் அக்குளில் இருந்தன. எப்போது எழுந்தாள், எப்படிக் கூடத்தைக் கடந்தாள் என்று தெரியவில்லை. குழந்தை தடுமாறவில்லை. இறங்கத்தான் பார்த்தாள்; கால் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

இதழி அழவில்லை, திமிறவில்லை. கை வந்துவிட்டது என்று தெரிந்ததும் உடம்பைத் தளரவிட்டு, மீதித் தூரத்தை அம்மா இறக்கிவிடுவாள் என்று காலை மடக்கிக்கொண்டாள்.